சொந்த லாரியை ஓட்டுபவரின் வழிச்செலவுக்கு வரிக்கழிவு உண்டா?

கேள்வி: பத்துச் சக்கர லாரி ஒன்றைச் சொந்தமாக வைத்து நானே ஓட்டுகிறேன். நாமக்கல்லிலிருந்து லோடு ஏற்றி நாக்பூர், டெல்லி என்று சென்று திரும்புவதற்குள் இரண்டு வாரம் ஆகிவிடுகிறது. வழியில் சாப்பாடு, குளியல், பார்க்கிங், எப்போதாவது லாட்ஜ் அறை என்று செலவாகிறது. பாதிக்கு மேல் பில் கிடையாது. இவற்றை வருமானத்தில் கழித்துக் காட்ட முடியுமா?
– வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: தனியாகக் கழிக்க முடியாது, ஆனால் பெரும்பாலும் அதற்குத் தேவையே இராது.

ஆண்டின் எந்த நாளிலும் பத்துக்கு மேல் சரக்கு வாகனம் வைத்திராதவர்களுக்காக, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 44ஏஇ என்ற பிரிவு இருக்கிறது. 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு இச்சட்டமே பொருந்தும். மொத்த எடை 12,000 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியானால் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றும், அதற்குட்பட்ட வண்டியானால் மாதம் 7,500 ரூபாய் என்றும் உங்கள் வருமானத்தைச் சட்டமே கணித்துக்கொள்கிறது. உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை 28,000 கிலோ என்றிருந்தால் மாதம் 28,000 ரூபாய், ஆண்டுக்கு 3,36,000 ரூபாய். டீசல், டோல், டயர், தேய்மானம், வண்டிக் கடனுக்கான வட்டி ஆகியவற்றோடு நீங்கள் வழியில் சாப்பிட்டதும் தங்கியதும் இந்தக் கணக்குக்குள்ளேயே அடங்கிவிட்டதாகக் கொள்ளப்படுவதால், மறுபடியும் எதையும் கழிக்க இயலாது. வண்டி ஷெட்டில் நின்ற மாதத்துக்கும் இதே கணக்குதான் என்பது இப்பிரிவின் குறை. ஆயினும் பில் இல்லையே என்ற உங்கள் கவலைக்கு இங்கே இடமில்லை. புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாய் வரை வரி கிடையாது. வேறு வருமானம் இல்லையெனில் நீங்கள் கட்ட வேண்டிய வரி பூஜ்யம்.

உண்மையான லாபம் இதைவிடக் குறைவு என்று காட்ட விரும்பினால், கணக்குப் புத்தகங்களை முறையாக எழுதி, ஆடிட்டரிடம் தணிக்கையும் செய்ய வேண்டும். அப்போதும் 37(1) பிரிவு தொழிலுக்காகவே செய்த செலவைத்தான் ஏற்கிறது. சொந்தச் செலவை விலக்குகிறது. பார்க்கிங் கட்டணத்தையும், லோடு இறக்கக் காத்திருந்த இரவின் அறை வாடகையையும் ரசீதோடு நிலைநாட்டலாம். மாற்று டிரைவருக்கும் கிளீனருக்கும் கொடுத்த பேட்டா ஐயத்துக்கிடமற்ற தொழில் செலவு. உங்கள் சொந்தச் சாப்பாட்டைப் பொறுத்தவரை, வீட்டிலிருந்தாலும் உண்டிருப்பீர்கள் அல்லவா என்ற கேள்வி எழும். சரக்கைப் பொறுப்பாக இறக்கும் வரை வண்டியை விட்டு அகல முடியாதவர் தாபாவில் உண்பதைச் சொந்தச் செலவாகக் கருதுவது நியாயமல்ல என்பதே என் கருத்து. ஆனால் அந்த வாதத்தை நம்பித் தணிக்கைக் கட்டணம் செலவழிக்க வேண்டாம்.

அதைவிட உங்கள் பணம் உண்மையில் முடங்கும் இடம் வேறு. பான் எண்ணுடன், பத்து வண்டிக்கு மேல் இல்லை என்ற உறுதிமொழியை அதே சட்டத்தின் 194சி(6) பிரிவின்படி வாடகை தருபவரிடம் எழுதிக் கொடுத்தால், அவர் வாடகையில் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) பிடிக்க வேண்டியதில்லை. கொடுக்கத் தவறிப் பிடித்தம் ஆகியிருந்தால், ஐ.டி.ஆர்.-4 என்ற வருமான வரிக் கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்து திரும்பப் பெறுங்கள்.

கேள்வி: நான் ஒரு டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தில் சம்பளத்துக்கு ஓட்டுகிறேன். எனக்குத் தரும் வழிப்படிக்கு வரி உண்டா?
– வாசகர், சங்ககிரி

பதில்: 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு, தினப்படி தனியாகப் பெறாதவராக இருந்து, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால், ஓட்டத்தின்போது ஆகும் சொந்தச் செலவுக்காகத் தரப்படும் படியில் 70 சதவீதம், மாதம் 10,000 ரூபாய் வரை, வரி விலக்குப் பெறும். புதிய முறையில் இந்த விலக்கு இல்லை. ஆனால் அதில் மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்குச் சம்பளத்தின் மீதான வரி முழுவதும் தள்ளுபடியாகிவிடுவதால், இந்த விலக்குக்காகப் பழைய முறையைத் தேடிப் போக வேண்டிய அவசியம் உங்களுக்கு இராது.