பழைய ஆன்டிவைரஸ் இன்னும் முழுதாகப் போகவில்லை

வணக்கம். சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைத்தொகுதியில் வாங்கிய லேப்டாப்பில் கூடவே வந்த ஆன்டிவைரஸை நீக்கிய பிறகும், புதியது "வேறொரு பாதுகாப்பு மென்பொருள் உள்ளது" என்று பாதியில் நின்றுவிடுகிறது என்றீர்கள். கண்ட்ரோல் பேனலில் நீக்கினாலும் அதன் டிரைவர்களும் (விண்டோஸோடு ஒட்டி இயங்கும் சிறு நிரல்கள்) ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) பதிவுகளும் சில நேரம் தங்கிவிடும். புது மென்பொருள் அவற்றைப் பார்த்துத்தான் மறுக்கிறது. இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே கோப்பைப் பிடித்து இழுத்தால் கணினி திணறிவிடும் அல்லவா?

தயவுசெய்து ரெஜிஸ்ட்ரியில் நீங்களே கை வைக்காதீர்கள். என் தங்கையின் கணினியில் நான் ஒரு வரியை அழிக்கப் போய் விண்டோஸே திறக்கவில்லை.

மெக்காஃபி, அவாஸ்ட், ஈசெட் போன்றவை மிச்சத்தைத் துடைக்கத் தனிக் கருவியை இலவசமாகவே தருகின்றன. உங்களுடையது எந்த நிறுவனமோ, அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரம் வேண்டாம். பிட்லாக்கர் (வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் மீட்புச் சாவியை முதலில் எடுத்து வையுங்கள். அப்புறம் ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் மெனு வழியாகச் சேஃப் மோடுக்கு (அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் நிலை) போய்க் கருவியை ஓட்டுங்கள். மறுபடி ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் புதியதை நிறுவுங்கள்.

இடையில் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டர் பொதுவாகத் தானாகவே விழித்துக்கொள்ளும். அது ஓடுகிறதா என்று பார்க்காமல் சிங்பாஸிலோ (சிங்கப்பூர் அரசின் மின்னடையாளக் கணக்கு) வங்கிக் கணக்கிலோ நுழையாதீர்கள். பிழை எண் ஏதாவது வந்தால் இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.