மூடிய எக்செல் கோப்பு தானாகத் திறந்துகொள்வது ஏன்?

கணக்குப் பிரிவில் பணிபுரியும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "காலையில் கணினியில் உள்நுழைந்ததும் நான் தொடாமலேயே எக்செல் திறந்துகொள்கிறது. அதைவிடத் தொல்லை, சரக்கு இருப்புக் கோப்பை மூடினால் பத்து நிமிடத்தில் அது மறுபடியும் வந்து நிற்கிறது; மற்ற கோப்புகள் அப்படி வருவதில்லை. ஆபீஸை நீக்கி மீண்டும் நிறுவியும் பயனில்லை. வைரஸாக இருக்குமா?"

நீங்கள் ஒன்றாகச் சொல்லும் இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். இரண்டும் ஆபீஸ் நிரலின் பழுதாகத் தெரியவில்லை என்பதால், மறுநிறுவலில் தீராததில் வியப்பில்லை.

காலையில் திறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் விண்டோஸிலேயே இருக்கும். விண்டோஸ் 11-இல் அமைப்புகள், கணக்குகள், உள்நுழைவு விருப்பங்கள் என்று சென்றால், கணினியை அணைத்தபோது திறந்திருந்த செயலிகளை அடுத்த உள்நுழைவில் மீண்டும் தொடங்கும் வசதி ஒன்று இருக்கும். முதலில் அதை அணையுங்கள். அப்படியும் திறந்தால், விண்டோஸ் விசையுடன் ஆங்கில ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் ஆகியவற்றை இடைவெளியின்றி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் திறக்கும் ஃபோல்டரில், எக்செல் கோப்போ அதன் குறுக்குவழியோ கிடக்கிறதா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலையும், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரையும் அதன்பின் பார்த்தால் போதும்.

மூடிய கோப்பு திரும்பி வருவதுதான் சுவையான சிக்கல். குறித்த இடைவெளியில் தானாக ஓடும்படி அந்தக் கோப்பினுள் யாரோ ஒரு மேக்ரோ, அதாவது எக்செல் வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல், எழுதியிருக்க வேண்டும். 'ஆன்டைம்' என்னும் கட்டளை அந்த நேரத்தைக் கோப்பிடம் அல்ல, எக்செல்லிடம் பதிந்து வைக்கிறது; ஆகவே நீங்கள் கோப்பை மூடினாலும், வேறொரு கோப்புக்காக எக்செல் ஓடிக்கொண்டிருக்கும்வரை, நேரம் வந்ததும் மேக்ரோவைத் தேடி அந்தக் கோப்பை அது தானே திறந்துவிடுகிறது. சோதிப்பது எளிது: எல்லா எக்செல் சாளரங்களையும் மூடி, டாஸ்க் மேனேஜரிலும் எக்செல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு கால் மணி நேரம் காத்திருங்கள். கோப்பு வராவிட்டால் காரணம் ஏறக்குறைய இதுவே.

தீர்வு, கோப்பு மூடப்படும் நிகழ்வில் அந்தப் பதிவை ரத்து செய்வதாகும். அதே கட்டளையை, அதன் ஷெட்யூல் மதிப்பைப் பொய் (ஆங்கிலத்தில் ஃபால்ஸ்) என்று வைத்து மறுபடி அழைக்க வேண்டும். பலரும் இடறுவது இங்கேதான்: முதலில் பதிந்த அதே நேரத்தையும் அதே மேக்ரோ பெயரையும் தந்தாக வேண்டும்; 'இப்போதிலிருந்து பத்து நிமிடம்' என்று புதிதாகக் கணக்கிட்டால் நேரம் பொருந்தாமல் பிழைதான் வரும். ஆகவே, பதியும்போதே அந்த நேரத்தை ஒரு பொது மாறியில் (எல்லா மேக்ரோக்களும் படிக்கக்கூடிய மாறியில்) சேமித்து வையுங்கள்.

வைரஸ் என்ற ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 1996-இல் பரவிய லாரூ என்ற எக்செல் மேக்ரோ வைரஸ், எக்ஸ்எல்ஸ்டார்ட் ஃபோல்டரில்தான் தன் கோப்பை வைத்துக்கொண்டது; அதிலுள்ள கோப்புகளை எக்செல் தொடங்கும்போதெல்லாம் தானாகத் திறக்கும். உங்களுக்குத் தெரியாத கோப்பு அங்கே இருந்தால் திறக்காமல் வைரஸ் சோதனை செய்யுங்கள். ஆனால் பர்சனல் என்ற பெயருடையது உங்கள் சொந்த மேக்ரோக்களின் இருப்பிடமாக இருக்கலாம் என்பதால், பார்த்தவுடன் அழித்துவிட வேண்டாம்.

மேக்ரோவில் கைவைக்குமுன் இருப்புக் கோப்பின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை எழுதியவர் அலுவலகத்தில் இருந்தால் கேட்டுவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது இருப்பு எண்ணிக்கையைப் புதுப்பித்துக்கொண்டிருக்கவும் கூடும்.