அனன்சியை விடுங்கள், ஆமையைப் பிடியுங்கள்

ஆறாம் வகுப்பில் யொரூபா கதை என்று அனன்சி சிலந்தியைச் சொன்னதாகவும், பாதியிலேயே பிள்ளைகளின் கவனம் சிதறியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஆளை மாற்றுங்கள். அனன்சி கானாவின் அகான் மக்களுக்குச் சொந்தம். தென்மேற்கு நைஜீரியாவின் யொரூபா கதைகளில் குறும்புக்காரன் இஜாபா என்ற ஆமை. பேராசைக்காரன், சோம்பேறி, பெரும்பாலும் தான் வெட்டிய குழியில் தானே விழுபவன்.

கதையை நீங்கள் மட்டுமே சொல்லிக்கொண்டு போகாதீர்கள். அங்கே கதைசொல்லி "ஆலோ ஓ" என்று குரல் கொடுப்பார். கூட்டம் "ஆலோ" என்று பதில் தரும். நடுவில் பாட்டு வரும்; பல்லவி கேட்பவர்களுடையது.

உங்கள் வகுப்புக்கு நான் மருந்துக் கதையைத்தான் சொல்வேன். பிள்ளையில்லாத மனைவி யன்னிபோவுக்காக, பாபலாவோ எனப்படும் குறிசொல்லும் பூசாரியிடம் இஜாபா மருந்து வாங்குகிறான். நீ ருசிக்கக் கூடாது என்று எச்சரித்தும், வாசனையில் மயங்கி வழியிலேயே தின்றுவிடுகிறான். வயிறு வீங்குகிறது! வேர் தடுக்கி விழுந்தேன், கையில் பட்டதை நக்கினேன் என்று பொய்யையே பாட்டாகப் பாடிக்கொண்டு பூசாரியிடமே திரும்பி ஓடுகிறான். ஒவ்வொரு வரிக்கும் "அலுக்பின்ரின்" என்ற பல்லவியை வகுப்பே பாடட்டும். வயிறு வீங்கும் இடத்தில் சிரிப்பு அடங்க நேரமாகும், அவசரப்படுத்தாதீர்கள்.