தமிழ்நாடு சட்டமன்ற சபாநாயகர்களில் நாம் மறந்துவிட்டவர் என்று யாரைச் சொல்வீர்கள்?

கே.ஏ.மதியழகன்.

தி.மு.க.வின் ஐம்பெருந்தலைவர்கள் யார் என்று கேட்டால் அண்ணா, நெடுஞ்செழியன், ஈ.வெ.கி.சம்பத், என்.வி.நடராசன் வரை வந்துவிடுவார்கள். ஐந்தாவது பெயரில்தான் தடுமாறுவார்கள். அந்த ஐந்தாமவர் இவர். உடுமலைப் பக்கத்துக் கணியூர்க்காரர். மூன்று பிரச்சினைகளை எடுத்துத் தி.மு.க. நடத்திய 1953 மும்முனைப் போராட்டத்தையொட்டி இந்த ஐந்து தலைவர்கள் மேலும் போட்ட ஐவர் வழக்கில் அண்ணாவோடு கூண்டில் நின்றவர். 1962இல் ஆயிரம் விளக்கில் ஜெயித்துச் சட்டமன்றம் வந்தார். 1967இல் உணவு அமைச்சர். சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டது இவர் பொறுப்பில்தான். பிறகு கருணாநிதி அமைச்சரவையில் நிதி.

1971இல் சபாநாயகரானார். மறு ஆண்டு அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு, அமைச்சர்கள் மேல் ஊழல் புகார்களைக் கிளப்பினார். ஆட்சி மக்களிடம் திரும்பப் போய்த் தீர்ப்புக் கேட்கலாமே என்று நாற்காலியில் இருந்தபடியே சொல்லி, அவையையும் ஒத்திவைத்தார் மதியழகன். 234 பேர் அவையில் 184 இடம் வென்ற கட்சி தி.மு.க. சும்மா இருக்குமா?

1972 டிசம்பர் 2. சபாநாயகரை நீக்கும் தீர்மானம் வந்தது. இவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி போட்டுத் துணை சபாநாயகர் பெ.சீனிவாசன் அவையை நடத்தினார். (1967இல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்த அதே சீனிவாசன்.) ஒரே அவையில் இரண்டு தலைமை, இவர் ஒருவரைப் பேச அழைக்க, அவர் வேறொருவரை அழைக்க, ஒரே கூச்சல். கடைசியில் தீர்மானம் நிறைவேறி, மதியழகன் பதவி போயிற்று.

சட்டப்படி பார்த்தால் அவர் எழுந்திருக்கத்தான் வேண்டும். தன்னை நீக்கும் தீர்மானம் விவாதத்தில் இருக்கும்போது சபாநாயகர் தலைமை வகிக்கக் கூடாது, உறுப்பினராக இருந்து பேசலாம், ஓட்டுப் போடலாம் என்கிறது அரசியலமைப்பின் 181ஆம் பிரிவு. தேர்தலுக்குப் போ என்று ஆட்சிக்குச் சொல்வதும் அவர் வேலை இல்லை. ஆனாலும், தன்னை அந்த இடத்தில் உட்காரவைத்த கட்சிக்கு எதிரான புகாரைக் காதில் வாங்கிக்கொண்ட சபாநாயகர்கள் நமக்கு எத்தனை பேர்? அந்த ஒன்றுக்காகவே இவரை மதிக்கிறேன்.

அதன் பிறகு அவர் அமைச்சராகவில்லை, 1983இல் காலமானார். எம்.ஜி.ஆரின் அந்தப் புகார்கள் ஆட்சி கலைக்கப்பட்ட பின், 1976இல், டெல்லி அமைத்த சர்க்காரியா விசாரணைக் கமிஷனிடம் போயின. நம் சட்டமன்றமே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய விஷயம் அது.