கேள்வி – பதில்: குளிர்காலம், மலைப்பாதை, வெலோமொபைல்

● உறைநிலையை ஒட்டிய குளிரில், நாள் முழுக்க மலைப்பாதையில் வெலோமொபைல் ஓட்டப்போகிறேன். எத்தனை அடுக்கு உடை போடுவது?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக. சாய்ந்து படுத்தபடி மிதிக்கும் மூன்று சக்கர வண்டி இது. வண்டியைச் சுற்றியுள்ள கூடு போன்ற ஓடு உடம்பை மூடிக்கொள்வதால் குளிர்காற்று மேலே படாது. சமதளத்தில் முழுக்கைச் சட்டை ஒன்றே பலருக்குப் போதும். தொல்லை ஏற்றத்தில்தான். ஆள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்ந்து 110 கிலோ என்றால், 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கி.மீ. வேகத்துக்கே சுமார் 160 வாட் மிதிக்க வேண்டும். அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான வெப்பத்தை உடம்பு வெளியே தள்ளும். அந்த வேகத்தில் ஓட்டுக்குள் காற்றோட்டம் என்று ஒன்று இருக்காது. எனவே அடிவாரத்திலேயே மேல்மூடியைத் திறந்துவிட்டு, மேலாடையைக் கழற்றிவிடுங்கள். உச்சியில் நின்று, நனைந்த பனியனை மாற்றிய பிறகே மூடியைப் போடுங்கள். ஈரத்தோடு இறங்கினால் பத்து நிமிடத்தில் பல் கிட்டும்.

பாதங்களை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். வண்டியின் மூக்குப்பக்கத் துளையின் காற்று பல மாடல்களில் நேரே அங்கேதான் அடிக்கும். துளையைப் பாதி அடையுங்கள். தடித்த காலுறைக்கு இடம் இருக்கும்படி ஒரு அளவு பெரிய ஷூ வாங்குங்கள்.

● என் வண்டியில் முன்னால் 53 பல் செயின்ரிங் (பெடலோடு சுழலும் பல்சக்கரம்) ஒன்றுதான். பின்னால் பெரிய பல்சக்கரம் 36. மலைக்குப் போதுமா?

போதாது. 26 அங்குலப் பின்சக்கரத்தில், நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தாலே இந்தக் கியர் மணிக்கு 13 கி.மீ. ஓட வைக்கும். அதே 6 சதவீத ஏற்றத்தில் அதற்கு 260 வாட் தேவை. ஒரு மணி நேரம் அப்படி மிதிக்க எத்தனை பேரால் முடியும்? முன்னால் 39, பின்னால் 42 என்று மாற்றினால் அதே சுற்றில் 8 கி.மீ.யில் நிதானமாக ஏறலாம். சீட்டில் சாய்ந்திருப்பதால் எழுந்து நின்று உடல் எடையைப் பெடலில் போட வழியில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

● நீண்ட இறக்கத்தில் பிரேக் லீவர் கைப்பிடி வரை வந்துவிடுகிறது. கேபிளை முறுக்கினால் சரியாகுமா?

கேபிளைத் தொடாதீர்கள். சூட்டில் டிரம் (சக்கர நடுவில், பிரேக் ஷூ உள்ளிருந்து அழுத்தும் உருளை) விரிந்து, பிரேக் ஷூவுக்கும் அதற்கும் இடைவெளி கூடியிருக்கிறது. இப்போது முறுக்கினால், ஆறிய பிறகு பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும்.

சாதாரண சைக்கிளில் இறங்கும்போது பாதி வேலையைக் காற்றே பார்த்துவிடும். வெலோமொபைலைக் காற்று தடுப்பதே இல்லை எனலாம். 6 சதவீத இறக்கத்தில் பிடிக்காமல் விட்டால் 100 கி.மீ.யைத் தாண்டவும் தயங்காது. அதை 50 கி.மீ.யில் பிடித்து வைத்தால் சுமார் 700 வாட் வெப்பம் முன்சக்கர டிரம் இரண்டிலும் இறங்கும். பின்சக்கரத்தில் பிரேக்கே இல்லாத வண்டிகள்தான் அதிகம். 20 கி.மீ.யில் பிடித்தால் வெப்பம் 320 வாட் அளவுதான். மலை முழுக்க இறங்கி முடிக்கும்போது மொத்தச் சூடு ஏறக்குறைய ஒன்றே என்றாலும், அது ஆறுவதற்கு இரண்டரை மடங்கு நேரம் கிடைக்கிறது. ஆகவே உச்சியிலிருந்தே மெதுவாகத் தொடங்குங்கள். வேகம் ஏறிய பிறகு அடக்கப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. லீவர் ஓட்டம் கூடினாலோ கருகல் வாடை வந்தாலோ உடனே ஓரங்கட்டி, டிரம் கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை நில்லுங்கள். சக்கரங்கள் மூடிய மாடலென்றால் இன்னும் அடிக்கடி நிற்க வேண்டும். மலைநாட்டில் ஓட்டுபவர் 70 மி.மீ. டிரம்முக்குப் பதில் 90 மி.மீ. கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

● ஆணி டயர் (பனியில் பிடிக்க உலோக முனைகள் பதித்தது) ஒரு ஜோடிதான் இருக்கிறது. எங்கே மாட்டுவது?

முன்னால். பின்சக்கரம் வழுக்கினால் ஏற முடியாமல் நிற்பீர்கள். முன்சக்கரம் வழுக்கினால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. மூன்றாவது டயர் வாங்கும்வரை செங்குத்தான உறைபனிச் சாலையைத் தவிருங்கள். பின்சக்கரத்தில் விழுவது மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். இறுகிய பனியில் சாதாரண டயரோடு 6 சதவீதம் தாண்டினால் அது வெறுமனே சுழலும். மூட்டையைச் சீட்டுக்குப் பின்னால், சக்கரத்தை ஒட்டி வைத்தால் கொஞ்சம் பிடிக்கும். ஆணி டயர் தடிமன் கூடியது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஓட்டில் உரசுகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். இறங்கித் தள்ள நேரும்போது சைக்கிள் ஷூ பனியில் நிற்காது, மேலே மாட்டும் ஆணிப்பட்டை ஒன்று கையில் இருக்கட்டும்.

● வைசரில் (முகத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடித் தகடு) ஆவி படிகிறது.

உள்பக்கம் இரண்டாவது தகடு ஒட்டுங்கள், நடுவே அடைபட்ட காற்று இருந்தால் படியாது. ஏற்றத்தில் வைசரைத் தூக்கியே வையுங்கள்.

● கிளம்பும் முன் வேறு என்ன பார்க்க வேண்டும்?

சூடான அறையில் 5 பார் (காற்றழுத்த அளவு) அடித்த டயர், 0 டிகிரியில் 4.6 பார்தான் காட்டும். ஓட்டை என்று நினைத்து டியூபைக் கழற்ற வேண்டாம். விளக்கு பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியைச் சட்டைப்பையில் வையுங்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போடக் கூடாது. இரவில் நிறுத்தும்போது பார்க்கிங் பிரேக் போடாதீர்கள். கேபிள் உறைக்குள் தேங்கிய ஈரம் உறைந்தால் காலையில் சக்கரம் அசையாது. சக்கரத்துக்குக் கல் முட்டு கொடுங்கள்.