வெட்டிய நாளிலிருந்து எண்ணுங்கள்

அன்புள்ள அக்கா,

சுங்கை சிப்புட்டில் ஒரு மோட்டார் உதிரிப்பாகக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் பழக்குலை வெட்டுகிறார். அம்மாவுக்கு நீரிழிவு. அம்மாவின் மருந்து, கிளினிக் நாள், மின்கட்டணம், தம்பியின் பள்ளிச் செலவு, கடையின் பாக்கி வசூல் என எல்லாவற்றையும் நான்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். இரவுகளில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி கற்று, எனக்கென்று ஒரு பணிப்பட்டியலை உருவாக்கினேன். இணையத்தில் ஏற்றி, ஐபோனில் திறந்து பயன்படுத்துகிறேன். விவரங்கள் எல்லாம் ஐபோனுக்குள்ளேயே, பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் இருக்கின்றன.

முதல் மாதம் நன்றாகப் போனது. இப்போது 143 வேலைகள் சிவப்பு எழுத்தில் நிற்கின்றன. அவற்றில் 'அம்மாவின் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும்' என்பது மட்டும் 19 முறை. பட்டியலைத் திறக்கவே பயமாக இருக்கிறது. இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. காலையில் முடித்த வேலை நேற்றைய தேதியில் பதிவாகிறது. 'கொடு' என்று தேடினால் அந்தச் சொல் உள்ள வரிகளில் சில வருகின்றன, சில வருவதில்லை. இதை விட்டுவிட்டு ஆயத்தமாகக் கிடைக்கும் செயலி ஒன்றுக்கு மாறிவிடலாமா? பெயரை வெளியிட வேண்டாம்.

வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

அன்புத் தங்கைக்கு,

விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கட்டிய பட்டியலில் பெரிய பழுது எதுவும் இல்லை. திரும்பத் திரும்ப வரும் வேலைகளை எப்படி எண்ணுவது என்ற ஓர் இடத்தில்தான் கணக்கு தவறியிருக்கிறது. அதற்கான விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இன்று மாலை அப்பா வேலை முடிந்து வந்ததும் ஒன்று கேளுங்கள்: "இந்தக் காட்டில் அடுத்த வெட்டு என்றைக்கு?"

அவர் காலண்டரைப் பார்க்க மாட்டார். கடைசியாக அந்தக் காட்டில், அதாவது தோட்டத்தின் அந்தப் பகுதியில், எப்போது வெட்டினார்கள் என்று யோசித்து, அங்கிருந்து எண்ணுவார். செம்பனையில் ஒரு சுற்று பொதுவாகப் பத்திலிருந்து பதினான்கு நாள். மழை பெய்து, லாரி சேற்றில் சிக்கி, வெட்டு மூன்று நாள் தள்ளிப்போனால், அடுத்த சுற்றும் மூன்று நாள் தள்ளியே வரும். தள்ளிப்போன வெட்டையும் அடுத்த வெட்டையும் ஒரே வாரத்தில் போடச் சொல்லி எந்த மண்டோரும் (தோட்டத்து மேற்பார்வையாளர்) கேட்பதில்லை. மரத்தில் அவ்வளவு பழுத்த குலை இருக்காது. உதிரிப்பழம் தரையில் விழுந்தால்தான் குலை பழுத்ததாகக் கணக்கு. தேதியைப் பார்த்து எந்தக் குலையும் பழுப்பதில்லை.

உங்கள் நிரலோ எல்லா வேலையையும் காலண்டரைப் பார்த்தே பெருக்குகிறது. மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றுவது, தண்ணீர் வடிகட்டியைக் கழுவுவது, அம்மாவின் நகத்தையும் காலையும் கவனித்துப் பார்ப்பது போன்றவை குலைவெட்டைச் சேர்ந்தவை. இவற்றுக்கு 'இடைவெளி', 'கடைசியாக முடிந்த நாள்' என்று இரண்டே விவரங்கள் போதும். முடிந்தது என்று குறியிடும் நாளோடு இடைவெளியைக் கூட்டினால் அடுத்த நாள் கிடைத்துவிடும். எத்தனை நாள் தாமதமானாலும் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் நிற்கும்.

மின்கட்டணம் அப்படியல்ல. நீங்கள் எப்போது கட்டினாலும் அடுத்த மாதத் தவணை தன் நாளில் வந்து நிற்கும். இதைப் பழைய தவணை நாளிலிருந்து எண்ண வேண்டும். இங்கே ஒரு குழி இருக்கிறது, பார்த்து நடங்கள். ஜனவரி 31இல் மாத எண்ணை ஒன்று கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் பிப்ரவரி 31 என்று எடுத்துக்கொண்டு, சாதாரண ஆண்டில் மார்ச் 3இல் கொண்டுபோய் விடும். மாதக் கடைசி நாளுக்குத் தனியாக ஒரு நிபந்தனை எழுதுங்கள்.

மூன்றாவது வகையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பத்தொன்பது வரிகளும் இந்த வகை. நேற்றைய சர்க்கரையை இன்று அளக்க முடியாது. அந்த நாள் போனால் அந்த வேலையும் போயிற்று. அதைக் கடனாகக் காட்டுவது தவறு. மாத்திரை விஷயத்தில் அது ஆபத்தும்கூட: நேற்று விட்டதும் இன்றையதுமாக இரண்டு வரிகள் நின்றால், அவசரத்தில் யாராவது இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடும். ஆகவே இத்தகைய வேலைகள் நள்ளிரவோடு பட்டியலை விட்டு நீங்கட்டும். 'விடுபட்டது' என்று வரலாற்றில் மட்டும் ஒரு குறிப்பு இருக்கட்டும். கிளினிக்கில் டாக்டர் கேட்டால் காட்டலாம். உங்கள் 143 வேலைகளை இந்த மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலானவை வேலைகளே அல்ல, நகல்கள் என்று தெரியவரும்.

என் அப்பா தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். விடிவதற்கு முன் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போவார். செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகத்தை இடது முழங்கையில் தாங்கி, கைவிளக்கைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயருக்கு உரியவர் குரல் கொடுத்த பிறகுதான் பென்சில் தாளில் படும். நேற்று வந்தார் என்பதற்காக யாருக்கும் இன்று பெயர் விழாது. சிறுமியாக அவர் பின்னால் நின்று அதைப் பார்த்திருக்கிறேன். என் சொந்தப் பட்டியலை எழுதியபோது அதையே வைத்தேன்: 'இன்று' என்ற பக்கம் தினமும் காலியாகத்தான் திறக்கும். காத்திருக்கும் வேலைகளை நானே பார்த்து ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். ஏழுக்கு மேல் கூப்பிட அது விடாது. கூப்பிடாதவை சிவப்பாவதில்லை, தங்கள் இடத்தில் இருக்கின்றன. நாள் குறித்த மின்கட்டணமும் கிளினிக்கும் மட்டும் கூப்பிடாமலே வந்து நிற்கும். நீங்களும் செய்து பாருங்கள். பட்டியலைத் திறக்கும் பயம் இதனால் குறையும் என்பது என் அனுபவம்.

இனி அந்தத் தேதிக் குழப்பம். நேரத்தை எழுத்தாக்கித் தரும் டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString) என்ற கட்டளை தருவதன் முதல் பத்து எழுத்துகளை வெட்டித் தேதியாக வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது தருவது உலகப் பொது நேரத்தின் தேதி. நம் கடிகாரம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சுங்கை சிப்புட்டில் காலை 6.40 என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 10.40. ஆகவே நம் ஊரில் காலை எட்டு மணிக்குள் முடியும் எல்லாமே நேற்றைய கணக்கில் விழும். தோட்டத்து வீட்டில் பாதி வேலை எட்டு மணிக்குள் முடிந்துவிடுமே! வேறு வாசகர்கள் இதைக் கவனிக்க வாய்ப்புக் குறைவு, உங்கள் வீடு சீக்கிரம் விழிப்பதால் கண்ணில் பட்டிருக்கிறது. ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் உள்ளூர் நேரத்திலிருந்து தனித்தனியே எடுத்து ஒட்டுங்கள். மாதம் பூஜ்யத்தில் தொடங்கும், ஒன்றைக் கூட்ட மறக்க வேண்டாம்.

இந்த எட்டு மணி நேரமும் என்றைக்கும் இருந்ததல்ல. 1981 முடியும்வரை தீபகற்ப மலேசியாவில் அது ஏழரைதான். 1982 ஜனவரி 1 பிறந்தபோது கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்தார்கள். நேரம் என்பது அரசு முடிவு செய்வது, மாறக்கூடியது. அதனால் எட்டு என்ற எண்ணை நிரலுக்குள் நேராக எழுதிவிடாதீர்கள். தவணை நாளை நாளாக மட்டுமே சேமியுங்கள், மணியோடு சேமிக்க வேண்டாம்.

தேடலில் வரும் பழுது தமிழுக்கே உரியது. 'கொ' என்ற எழுத்தை, கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் 'கொடு' ஓரிடத்தில் நான்கு குறியீடு, இன்னோரிடத்தில் ஐந்து. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். வேறு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டிய வரிகளில் இது நேர்ந்திருக்கலாம். சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் (normalize) என்ற கட்டளையை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்தில் ஓட்டுங்கள். ஒரே வரியில் தீர்ந்துவிடும்.

ஆயத்தச் செயலி பற்றிக் கேட்டீர்கள். நல்லவை இருக்கின்றன. ஆனால் வுண்டர்லிஸ்ட் என்ற செயலியை நினைத்துப் பாருங்கள். பலர் விரும்பிப் பயன்படுத்திய அதை 2015இல் மைக்ரோசாஃப்ட் வாங்கி, 2020 மே 6ஆம் தேதி மூடியது. பயனர்கள் வேறு இடத்துக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. சொந்தமாகக் கட்டியதற்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. உங்கள் ஐபோனில் அது உண்மையாகவே காத்திருக்கிறது: 2020 முதல் ஐபோனின் பிரவுசரான சஃபாரி, ஒரு தளத்தை ஏழு நாள் நீங்கள் தொடாமல் சஃபாரியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், அந்தத் தளம் லோக்கல் ஸ்டோரேஜில் வைத்ததை அழித்துவிடும். பயந்துபோய்ப் பட்டியலை ஒரு வாரம் திறக்காமல் விட்டால் அத்தனையும் போய்விடும். முகப்புத் திரையில் சேர்த்து அங்கிருந்து திறந்தால் இந்த விதி பாதிக்காது. ஆனால் அப்படிச் சேர்த்த பட்டியல் பழைய விவரங்களை எடுத்துக்கொள்ளாமல் காலியாகத் தொடங்கலாம். எனவே முதலில் எல்லாவற்றையும் ஜேசான் (JSON) என்ற எழுத்துக் கோப்பாக இறக்கும் பொத்தான் ஒன்றும், அதைத் திரும்ப ஏற்றும் பொத்தான் ஒன்றும் வையுங்கள். இன்றிரவே வையுங்கள். மற்ற திருத்தங்கள் எல்லாம் அதற்குப் பிறகு.

திருத்திய பின் காலை ஆறு மணிக்கு ஒரு வேலையை முடித்துக் குறியிட்டுப் பாருங்கள். தேதி சரியாக விழுந்தால் எனக்கு எழுதுங்கள். அப்பா சுற்றுக்கு எத்தனை நாள் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா