டிரையரில் துணி காயவில்லையா? பின்னால் போகும் குழாயைப் பாருங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தோட்டத்து வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகு, மழைக்காலத்துக்கு ஆகும் என்று டிரையர் வாங்கினோம். முன்பு ஒரே சுற்றில் காய்ந்த துணி இப்போது இரண்டு சுற்று ஓடியும் ஈரமாகவே இருக்கிறது, மெஷினும் ரொம்பச் சுடுகிறது. பின்னாலிருந்து சுவருக்குப் போகும் குழாயை நானே சுத்தம் செய்யலாமா?"

செய்யலாம் சகோதரி. ஆனால் செய்து முடிக்கும்வரை அந்த மெஷினை ஓட்டாதீர்கள். நீங்கள் சொல்கிற இரண்டும் குழாய் அடைத்துக்கொண்டதற்கான அறிகுறிகள். துணியிலிருந்து உதிரும் பஞ்சில் ஒரு பகுதி வடிகட்டியைத் தாண்டிப் போய், ஈரக்காற்றோடு சேர்ந்து குழாய்க்குள் ஒட்டிக்கொள்கிறது. வழி குறுகக் குறுக ஈரம் வெளியேறாது, சூடும் உள்ளேயே தங்கிவிடும், அந்தப் பஞ்சோ சட்டென்று தீப்பிடிக்கிற பொருள். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான விவரங்களை வைத்துப் போட்ட கணக்கில், அங்கே வீடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 டிரையர் தீ விபத்துகள், அதற்கு முதல் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது, 34 விழுக்காடு. எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், வடிகட்டியை ஒழுங்காகத் தட்டிப் போடுகிறவர்கள்கூட பின்னால் ஒரு குழாய் இருப்பதையே மறந்துவிடுகிறார்கள்.

உங்களுடையது கேஸில் ஓடுகிற டிரையர் என்றால் கை வைக்க வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள். அதில் இணைப்பு சரியாகப் பொருந்தாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மின்சார டிரையர் என்றால் சுவிட்சை அடைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றிவிட்டு மெஷின் நன்றாக ஆறும்வரை காத்திருங்கள்.

அப்புறம் வீட்டில் இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு மெஷினை மெதுவாக முன்னால் இழுங்கள். மூக்கு வாயை மூட ஒரு முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது, பஞ்சுத் தூசி நிறைய பறக்கும். குழாயை இறுக்கியிருக்கும் வளையத்தைத் தளர்த்திக் கழற்றி, மெஷினின் வாய்ப்பகுதியிலும் குழாயிலும் கைக்கு எட்டுகிற பஞ்சை எடுத்துவிட்டு, மிச்சத்தை வேக்கம் வைத்து உறிஞ்சுங்கள். குழாய் நீளம் என்றால், ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கிற கம்பிகளோடு வருகிற வட்டத் தூரிகை வாங்கிக்கொள்ளுங்கள். அதை உள்ளே விட்டுச் சுற்றும்போது கடிகார முள் போகிற பக்கமே சுற்ற வேண்டும், மாற்றிச் சுற்றினால் கம்பி கழன்று தூரிகை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். துடைப்பக் கட்டையாலோ இரும்புக் கம்பியாலோ குத்தாதீர்கள், குழாய் கிழிந்துவிடும்.

வெளிச்சுவரில் இருக்கும் மூடியையும் மறக்காதீர்கள். நம் ஊரில் அங்கே குளவி கூடு கட்டும், பல்லி புகும், மைனா வைக்கோலைக் கொண்டுவந்து அடைக்கும். அதற்குப் பயந்து சிலர் கொசுவலைக் கம்பியை வைத்துக் கட்டிவிடுகிறார்கள், அது தப்பு, வெளியே போக வேண்டிய பஞ்சு முழுவதும் அந்த வலையிலேயே படிந்து வழியை அடைத்துவிடும். காற்று வந்தால் தானாகத் திறந்து நின்றால் மூடிக்கொள்கிற மூடிதான் சரி.

கழற்றிய குழாய் பிளாஸ்டிக்கிலோ, மெல்லிய தாள் போன்ற மடிப்புக் குழாயாகவோ இருந்தால் திரும்ப மாட்டாமல் மாற்றிவிடுங்கள். அந்த மடிப்புகளில்தான் பஞ்சு தங்கும். பெரும்பாலான மெஷின்களுக்கு 4 அங்குல அகலமுள்ள கெட்டியான அலுமினியக் குழாய் பொருந்தும், ஆனாலும் அளவெடுத்துக்கொண்டு ஹார்ட்வேர் கடைக்குப் போங்கள். எவ்வளவு குட்டையோ, எவ்வளவு வளைவு குறைவோ அவ்வளவு நல்லது. இணைப்பில் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகு வேண்டாம், அதிலும் பஞ்சு மாட்டும், அலுமினிய டேப் போதும். குழாயின் மறுமுனையை சீலிங்குக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், காற்று வீட்டுக்கு வெளியேதான் போக வேண்டும்.

எல்லாம் மாட்டியபின் குழாய் நசுங்காதபடி மெஷினைத் தள்ளி வைத்து, துணி இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வெளியே போய் மூடியருகே கை வையுங்கள். சூடான காற்று வேகமாக வர வேண்டும். வரவில்லை என்றாலோ, மெஷின் இன்னும் முன்போலச் சுட்டாலோ, கோளாறு உள்ளே இருக்கிறது, நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சரியாக வந்தால் இனி ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைச் செய்யுங்கள், தினமும் ஓட்டுகிற வீடு என்றால் இன்னும் அடிக்கடி. வடிகட்டியை ஒவ்வொரு முறையும் தட்டுவதோடு, அவ்வப்போது பாத்திரம் கழுவும் சோப்பில் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள், துணிக்குப் போடும் வாசனைத் திரவம் அதில் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டியிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நல்லெண்ணெய்க் குளியலுக்குப் பிறகு துடைத்த துண்டு, அடுப்படியில் எண்ணெய் துடைத்த துணி, இவற்றை டிரையரில் போடவே வேண்டாம். துவைத்தாலும் எண்ணெய் முழுதாகப் போவதில்லை, சூடான குவியலில் அது காற்றோடு வினைபுரிந்து தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அவற்றைக் கொடியிலேயே காயப்போடுங்கள். மற்ற துணிகளையும், கடைசியில் மெஷின் சூடு இல்லாமல் சுற்றி ஆறுகிற நேரத்துக்கு முன்னால் பாதியில் நிறுத்தாதீர்கள், நிறுத்த வேண்டி வந்தால் உடனே வெளியே எடுத்து விரித்துப் போட்டுவிடுங்கள்.